வயலுக்குள் கொழுந்துக் கூடை

சித்திர டீச்சரின் கையில் யாருடைய போட்டோவையும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் எழுதாத சட்டம். புதிதாக வந்த கணித டீச்சருக்கு அது தெரியாது. தனக்குப் பேசி வந்த மாப்பிள்ளையின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். களையான முகம், நல்ல குடும்பத்துப் பிள்ளை, கண்ணிலேயே குணம் தெரிகிறது, இப்படி. போன் கடைசியில் சித்திர டீச்சரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, இடது ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தார்.

"ஷர்ட் இவரோடது இல்ல. தோள் தையல் கீழ எறங்கி நிக்குது. கையில வாட்ச் கட்டுன வெள்ளை அடையாளம் இருக்கு, வாட்ச் இல்ல. சிரிக்கல."

"நல்லவரா தெரியுறாரா டீச்சர்?"

"அது இதுல இல்லையே."

கணித டீச்சரின் முகம் சுண்டிப் போயிற்று. பிறகு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஷர்ட் அண்ணனுடையது என்பதைக் கல்யாண வீட்டில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அதுவரைக்கும் அந்தப் பிள்ளை நிம்மதியாக ஒரு பிடி சோறு தின்னவில்லை. இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்று எனக்கு டீச்சர் மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. நான் தமிழ் படிப்பித்தேன், அவர் சித்திரம். இப்போது நான் ஹட்டனுக்கு மாறி வந்துவிட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஆள் தெரியும், நானோ அவரிடம் கேட்காமல் எழுதுகிறேன். குள்ளமான ஆள். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை கையில் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அதே பாடசாலையில் படித்து, அங்கேயே டீச்சராக வந்தவர். அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுடன் இருந்தார்.

நான் அந்தப் பாடசாலைக்குப் போன முதல் வாரத்திலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. காரணம் ஒரு படம். பாடசாலை மண்டபத்து மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு கிராமத்துக் காட்சி வரைந்திருக்கும். மண்டபம் கட்டிய காலத்தில் தோட்டத்துப் பெயின்ட் வேலைக்காரர் ஒருவர் வரைந்தது. நான் போவதற்கு வெகுகாலம் முன்பே அவர் இறந்துவிட்டார். ஃபெக்டரிக்கும் பங்களாவுக்கும் பெயின்ட் அடித்து மிஞ்சியதுதான் அவருக்குக் கிடைத்த நிறங்கள். பச்சை என்றால் ஃபெக்டரிக் கதவின் பச்சை. சிவப்பு என்றால் தகரக் கூரையின் சிவப்பு. கறுப்புக்குத் தார்.

மேலே இடது மூலையில் கண் மூக்கு வைத்துச் சிரிக்கிற சூரியன். கீழே கூம்பு கூம்பாக மலைகள், மலையடியில் தென்னை மரங்கள். நடுவில் பெரிய வயல், அதில் ஏர் பூட்டிய இரண்டு மாடுகள், தலைப்பாகை கட்டிய உழவன். அவனுக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள். இந்தப் பெண்களைப் பார்த்துத்தான் வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொருத்தி முதுகிலும் கொழுந்துக் கூடை தொங்கும். தேயிலைச் செடி கீறாமல் இருக்க இடுப்பில் சாக்குச் சுற்றிக்கொள்வார்களே, படங்கு, அதையும் கட்டியிருப்பார்கள். சேற்று வயலில் யாராவது கூடையோடும் படங்கோடும் நாற்று நடுவார்களா? பாடசாலையைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாராம்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. கடல் கடந்து வந்த ஒரு சனத்தின் ஏக்கம் அல்லவா இது, விட்டுவந்த மண்ணை மறக்க முடியாத நெஞ்சின் குமுறல் அல்லவா என்று சித்திர டீச்சரிடம் ஒரு சொற்பொழிவே செய்துவிட்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏக்கம் எந்த எடத்துல இருக்கு சேர்? கைய வச்சுக் காட்டுங்க, நானும் பார்க்கிறேன்."

கையை வைக்க நான் இடம் தேடினேன். சூரியனைக் காட்டலாமா என்று பார்த்தால் அது சிரித்துக்கொண்டிருந்தது. உழவனைக் காட்டலாம் என்றால் அவனுக்குக் கண்ணே சரியாக வரையப்படவில்லை. பெண்களின் முகங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். போகட்டும், ஏக்கம் என்ன முட்டைக்கோசா கையை வைத்துக் காட்ட? இதை அப்போது சொல்லத் தோன்றவில்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

பிள்ளைகளுக்கும் அவர் அப்படித்தான் படிப்பித்தார். ஒரு படத்தைக் காட்டினால் இடது பக்க மேல் மூலையில் தொடங்கி வலது பக்கக் கீழ் மூலை வரைக்கும், இருப்பதை இருப்பது போலச் சொல்ல வேண்டும். அழகு, சோகம், மகிழ்ச்சி எதுவும் வாயில் வரக் கூடாது. ஒரு தகப்பன் சண்டைக்கே வந்துவிட்டார். மகள் 'படத்தில் மகிழ்ச்சி ததும்புகிறது' என்று எழுதியதற்குப் புள்ளி குறைத்துவிட்டாராம். டீச்சர் அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் விரித்து, யார் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று ஆளைக் காட்டச் சொன்னார். மனிதர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, மாடு ஒன்று பரவாயில்லாமல் இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். சாதாரண தரப் பரீட்சையில் அவருடைய பிள்ளைகள் மற்றப் பாடசாலைப் பிள்ளைகளை விடக் கூட எடுத்ததும் இல்லை, குறைய எடுத்ததும் இல்லை.

பாடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பின்னேரம் பாடசாலை விட்டு வருகிற பஸ், ஒரு வளைவில் லொறியோடு உரசிக்கொண்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, கண்ணாடிதான் போயிற்று. பொலிஸ் வந்தது. எங்கள் பஸ் டிரைவர் தெரிந்த பையன், தினமும் ஏறுகிற பஸ். லொறிக்காரன்தான் பிழை என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். டீச்சரின் முறை வந்தது. தான் அந்த நேரம் பைக்குள் குடையைத் தேடிக்கொண்டிருந்ததாகவும், சத்தம் மட்டும் கேட்டதாகவும் சொன்னார். இவ்வளவு பேர் பார்த்தது உங்களுக்கு மட்டும் தெரியவில்லையா என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் அதட்டினார். அவர்கள் பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை என்று இவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். டீச்சருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

அதன் பிறகு கொஞ்ச காலம் அந்த டிரைவர் டீச்சரைக் கண்டால் பஸ்ஸை நிறுத்த மாட்டான். இவர் அடுத்த தரிப்பிடம் வரைக்கும் நடந்து போய் ஏறுவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நான் ஒரு நாள் கிண்டலாகச் சொன்னேன். அப்படியென்றால் கண்ணை என்னத்துக்கு வைத்திருக்கிறோம் சேர் என்று கேட்டார். அவர் கேட்ட தொனியில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காததும் பிடித்ததும் இந்தத் தொனிதான்.

இனித் தோட்டத்து ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலை மலைக்கும் லயத்துக்கும் நடுவே ஓர் ஓடை போகிறது. அதன் நடுவில் இரண்டாகப் பிளந்த ஒரு பெரிய பாறை. ஓடைக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் இருப்பதால் கோயில் கரை என்பார்கள். இந்தப் பக்கம் லயத்துக் கரை. கோயில் கரை நெடுக ஆட்கள் போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மரக்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். லயத்துக் கரையில் இருந்தது ஒரே ஒரு மரக்கறித் தோட்டம். அது டீச்சரின் அப்பா காடு வெட்டிப் போட்டது. அவர் போன பிறகு அம்மா பார்த்தார். கொழுந்து எடுக்கிற வேலையில் இருந்து ஓய்ந்த பிறகு அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்தப் பாத்திகள்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கும் அவரை மண்டபத்துப் படிக்கட்டில் இருந்து பார்க்கலாம். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் வீட்டில் அவருடைய லீக்ஸ்தான் குழம்பில் கொதிக்கும்.

கேஸ் இல்லாமல், பால்மா இல்லாமல், பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோமே, அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனத்தைக் காப்பாற்றியது இந்த ஓடைக் கரைதான். அரிசி விலை ஏறிய ஏற்றத்தில் மூன்று வேளையும் கிழங்கை அவித்துத் தின்ற வீடுகள் உண்டு. அது ஓய்ந்து மூச்சு விடுகிற நேரத்தில் இன்னொன்று வந்தது. ஓடையை மறித்து ஒரு சின்ன நீர்மின் திட்டம் வரப் போகிறதாம். தண்ணீரைக் கொண்டுபோகிற வாய்க்கால் கோயில் கரையோடு வெட்டப்படுமாம். மரக்கறித் தோட்டங்கள் எல்லாம் போகும். எங்கள் பாத்திகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சனம் கேட்டதற்கு, தோட்ட நிர்வாகம் ஒரு பதில் வைத்திருந்தது. இவையெல்லாம் பஞ்ச காலத்தில் அடாத்தாகப் பிடித்த இடங்கள், நேற்று முளைத்தவை என்றார்கள். பழைய தோட்டங்கள் என்றால் யோசிக்கலாம், புதியவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

பழையவைதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசி இல்லை. லயத்து ஆட்களின் பாத்திக்கு யார் காணி உறுதி எழுதிக் கொடுத்தார்கள்? அப்போதுதான் எனக்கு மண்டபத்துப் படம் ஞாபகம் வந்தது. அதன் வலது பக்கத்தில் ஓர் ஓடை உண்டு. ஓடை நடுவே பிளந்த பாறையும் உண்டு. நான் உட்கார்ந்து பிரதேச செயலகத்துக்கு ஒரு மகஜர் எழுதினேன். ஓடையின் இரு கரையிலும் எம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வருவதற்கு மண்டபத்துச் சித்திரமே சாட்சி என்று எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிரதேச செயலகத்தில் இருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின வாரம் தோட்டத் தலைவர் மண்டபத்துக்கு வந்தார். தொழிலாளர்களுக்காக நிர்வாகத்தோடு பேசுகிறவர் அவர்தான். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வயலில் கூடையும் படங்குமாக நிற்கிற பெண்களை நிர்வாகத்துச் சின்னதொரை பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார், இது கோமாளிப் படம், சாட்சிக்கு உதவாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்றார். அவர் பயந்தது சரிதான். சித்திர டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

"டீச்சரம்மா, நீங்க ஒரு பச்சையை எடுத்து அந்தக் கூடையையும் படங்கையும் மட்டும் மூடிருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். மிச்சம் எல்லாம் நல்ல வயக்காடாத்தானே இருக்கு."

டீச்சர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, மூடினால் அது தான் வரைந்த படம் ஆகிவிடும், யார் வரைந்தது என்று கேட்டால் தான் என்றுதான் சொல்ல வேண்டி வரும் என்றார். யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் குறுக்கே விழுந்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்கிற ஊர் இது, இங்கே இரண்டு கூடைதானே என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் வேறு ஆளைப் பிடித்துப் பூசலாம் என்று யோசித்தார். அதிலும் புண்ணியமில்லை. வருகிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, எங்களில் ஒழுங்காகச் சிங்களம் பேசக்கூடிய ஆள் டீச்சர்தான். அவரிடம் கேட்டால் பூசியதையும் சேர்த்துத்தான் சொல்லுவார்.

விஷயம் லயத்துக்குப் போயிற்று. ஆட்கள் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்கள். அவருடைய அம்மாவே பைப்படியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாராம்: "ஒரு கூடையை அழிக்க மாட்டாளாம், ஊரு பாத்தியை எல்லாம் அழிக்க விடுவாளாம். படிச்சவ."

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மழை பிடித்துக்கொண்டதால் நேரே மண்டபத்துக்கே வந்தார். கூடவே சின்னதொரையும், திட்டத்துக்காரர்களின் என்ஜினியரும். சனம் ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது. தலைவர் பயந்த மாதிரியே சின்னதொரை கூடைகளைக் கண்டார், சிரித்தார். இந்த உயரத்தில் என்றைக்காவது நெல் விளைந்திருக்கிறதா, இது கனவு கண்டு வரைந்த படம் என்றார். அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார். உங்கள் மகஜரில் இதைச் சாட்சி என்று எழுதியிருக்கிறீர்களே, இதில் என்ன இருக்கிறது என்று யாராவது விளக்குவீர்களா?

டீச்சர் முன்னால் போனார். இடது பக்க மேல் மூலையில் தொடங்கினார். எனக்குத் தெரிந்த சிங்களத்துக்கு விளங்கியதைச் சொல்கிறேன். சூரியனுக்கு முகம் இருக்கிறது. மலைகள் கூம்பாக இருக்கின்றன, இங்கே அப்படி ஒரு மலையும் இல்லை. தென்னை மரம் இந்தக் குளிரில் வராது. மாடுகளின் கழுத்தில் நுகத்தடி இல்லை, ஏர் தனியாக அந்தரத்தில் நிற்கிறது. பெண்கள் நாற்றுக்கு மேலே நிற்கிறார்கள், கால் சேற்றுக்குள் இறங்கவில்லை. சின்னதொரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலைவர் வெளியே மழையைப் பார்த்தார். சொந்தச் செலவில் சூனியம் வைப்பது என்றால் இதுதான், எழுந்து போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று கூட எனக்கு எண்ணம் வந்தது.

"இத வரைஞ்சவர் வயலுக்குள்ள எறங்குனவர் இல்ல," என்று அவர் தமிழில் எங்களுக்கும் ஒரு தரம் சொல்லிவிட்டு, மறுபடியும் சிங்களத்துக்குப் போனார். இப்போது அவர் கை பெண்களின் மேல் இருந்தது. தலையில் துணி மடித்து வைத்திருக்கிறது, அதன் மேல்தான் கூடைக் கயிறு போகிறது. படங்கின் முடிச்சு பக்கவாட்டில் இருக்கிறது. வலது கை முன்னால், இடது கை கொஞ்சம் பின்னால். இவ்வளவும் சரி. இவர்களை அவர் தினமும் பார்த்திருக்கிறார். பார்க்காததை எல்லாம் பிழையாக வரைந்திருக்கிறார், பார்த்ததை எல்லாம் சரியாக வரைந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு வலது பக்கக் கீழ் மூலைக்கு வந்தார். அந்த மூலையை எங்களில் ஒருவரும் உற்றுப் பார்த்ததே இல்லை. மாட்டையும் கூடையையும் பார்த்துச் சிரிக்கவே நேரம் சரியாக இருந்தது. பிளந்த பாறைக்கு அப்பால், கோயில் கரையில், சின்னச் சின்னப் பாத்திகள். இரண்டிரண்டு கம்பாகச் சாய்த்து உச்சியில் சேர்த்துக் கட்டிய போஞ்சிப் பந்தல். பாத்திக்கு நடுவே மேட்டில் இருந்து சரிந்து இறங்குகிற தண்ணீர்க் கான். பழைய தகரம் வைத்து அடைத்த வேலி.

சின்னதொரை சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அதிகாரி கிட்டே வந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தார். திரும்பிப் போய் மாட்டின் கழுத்தைப் பார்த்தார். மறுபடியும் போஞ்சிக் கம்பைப் பார்த்தார். கூடையைப் பூசியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலில் நின்ற ஆட்களுக்குச் சிங்களம் முழுக்க விளங்காவிட்டாலும் காற்று மாறியது விளங்கியது. தலைவர் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

அதோடு முடிந்திருக்கலாம். அதிகாரி மகஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கரையிலும் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் காலத்தில் இரண்டு கரையிலும் தோட்டம் இருந்ததா என்று கேட்டார். ஒரு தலையாட்டல் போதும். நான் இருந்த இடத்தில் இருந்தே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் படத்தின் பக்கம் திரும்பி, பாறைக்கு இந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவருக்கு அதைப் பார்க்கவே வேண்டியதில்லை, ஆனாலும் பார்த்தார்.

"இல்லை," என்றார். "இந்தக் கரையில் அவர் தேயிலைதான் வரைந்திருக்கிறார்."

ஜன்னல் ஓரத்தில் டீச்சரின் அம்மா நின்றிருந்தார். அவருக்குக் கொழுந்துக் காட்டுச் சிங்களம் கொஞ்சம் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

முடிவு வர மாதங்கள் ஆயின. கோயில் கரைத் தோட்டங்கள் பழையவை என்று ஏற்றுக்கொண்டார்கள். வாய்க்கால் லயத்துக் கரைக்கு மாற்றப்பட்டது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். முதல் படையலை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார் தலைவர். பஸ் டிரைவர் கூட அன்றைக்குக் கும்பிட்டான். அவர் வாங்கிக்கொண்டார், நின்று கொஞ்சம் சாப்பிட்டார், பாடசாலைக்கு நேரமாகிறது என்று போனார். அவருடைய அம்மா பொங்கலுக்கு வரவில்லை. கோயில் கரையில் ஆளாளுக்குக் கொஞ்சம் பிரித்து அந்த அம்மாவுக்கு இரண்டு பாத்தி தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தன் புருஷன் கை படாத மண்ணில் தான் மண்வெட்டி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

வாய்க்கால் வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் ஓடைப் பக்கம் போனேன். லயத்துக் கரையில் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைகள் அடித்திருந்தார்கள். டீச்சர் தனியாகக் குனிந்து லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்தார். இன்னும் விரல் தடிப்புக்குக் கூட வராத லீக்ஸ். அம்மா பாத்தியின் வரம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்கவுமில்லை, எனக்கு முகம் கொடுக்கவுமில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. உள்ளதை உள்ளபடி கேட்டுவிட்டேன். அந்த அதிகாரி நோனா கேட்டது இரண்டு கரையா என்றுதானே, கொஞ்சம் மழுப்பியிருந்தால் இந்தத் தோட்டமும் தப்பியிருக்குமே டீச்சர், உங்கள் அப்பா போட்ட தோட்டம் அல்லவா என்றேன்.

டீச்சர் பிடுங்கியதை உதறி ஒரு பக்கம் வைத்தார். பதில் வரம்பில் இருந்து வந்தது.

"கேட்டா சொல்லத்தான் செய்வா சேரு. அவ சொன்னதும் சரிதான். அந்தப் படம் வரைஞ்சு ரொம்ப நாளைக்குப் பொறகு, தேயில அழிஞ்சு காடாப் போன எடத்தத்தான் இவ அப்பா வெட்டுனாரு. எனக்குத் தெரியாதா." பிறகு முளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு ஆஸ்பத்திரியில முடியாமக் கெடந்தப்ப, எனக்கு நல்லாயிருமா நல்லாயிருமான்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கேட்டாரு. நான் ஆயிரும்னேன். எந்தம்பி ஆயிரும்னான். பக்கத்துக் கட்டில்ல கெடந்தவன் கூட ஆயிரும்னான். கடைசியா இவகிட்ட கேட்டாரு. இல்லப்பான்னுட்டா."

டீச்சர் தலை நிமிரவில்லை.

"பாவி, இத வாயில வச்சு அடக்கக் கூடாதான்னு எனக்கு இவள அறையணும்போல வந்துச்சு. ஆனா அதுக்குப் பொறகு அவரு யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல சேரு. இவ கையப் புடிச்சுக்கிட்டே கெடந்தாரு. நான் கட்டுனவ, பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். எங் கைய அவரு தேடல."

சொல்லிவிட்டு அந்த அம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகள் பிடுங்கிக்கொண்டிருந்த பாத்தியின் மறு முனைக்குப் போய்க் குனிந்தார்.